வேறு யாருடையதாவது

கதவு நிலையில் கால் விரலை இடித்துக்கொண்ட என் கணவர், "ச்சே" என்றார்.

அவ்வளவுதான். ஒற்றைக் காலில் நின்று விரலைப் பிடித்து உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் பாத்திரம் துடைக்கும் துணியோடு சமையலறையிலேயே நின்றேன். என்னவோ விட்டுப்போயிற்று என்று மட்டும் தோன்றியது. தெரிந்த பாட்டில் யாராவது ஒரு அடியை விட்டுவிட்டுப் பாடினால் காது அந்த இடத்தில் தடுக்கி நிற்குமே, அப்படி.

தட்டுகளை அடுக்கி முடித்தபோதுதான் பிடிபட்டது. அவர் "அம்மா" என்று சொல்லவில்லை.

வலித்தால் எல்லோருக்கும் வருகிற சொல்தான். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. என் கணவருக்கு அது கொஞ்சம் தாராளமாகவே வரும். ஊசி குத்தினால் அம்மா, சூடான டம்ளரைத் தொட்டால் அம்மா, நாற்காலியிலிருந்து எழுந்தாலே ஒரு அம்மா. கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். "கொஞ்சம் மெதுவா கூப்பிடுங்க. உங்கம்மா காதுல விழுந்தா ஓடியே வந்துடுவாங்க." மாமியார் இறந்த பிறகும் அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன்.

எப்போது நிறுத்தினார் என்று பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். போன மாதம் ஷேவ் செய்யும்போது கன்னத்தை வெட்டிக்கொண்டார். அப்போதும் இல்லை. அதற்கு முன் பல்வலி. இல்லை. நிலையத்தின் வழியாக அவர் கடக்கத் தொடங்கிய பிறகு ஒரு தடவைகூட இல்லை.

அவர் லிஃப்ட் பரிசோதகர். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. நிலையங்கள் வந்து விமானங்கள் நின்றுபோன பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லிஃப்டுகளும் அவர் தலையில் விழுந்தன. காலையில் கண்ணாடி அறையில் ஏறி நிற்பார். இங்கே கலைந்து அங்கே கூடுவார். மாலையில் அங்கே கலைந்து இங்கே கூடி, வீட்டுக்கு வந்து "பசிக்குது" என்பார்.

நானும் அதே நிலையத்தில்தான் வேலை பார்த்தேன். ஆனால் ஒருமுறைகூடக் கடந்ததில்லை. எங்கள் அறையில் யாருமே கடந்ததில்லை. சமையல்காரர்கள் தங்கள் ஓட்டலில் சாப்பிடுவதில்லை என்பார்கள், அந்த மாதிரிதான் என்று சிரித்துக்கொள்வோம்.

எங்கள் அறைக்குப் பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருக்கும். நாங்கள் மிச்ச அறை என்போம். கடப்பதற்கு முன் பயணியின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து, இந்த உடல் இன்னாருடையது என்று இயந்திரம் படித்துக்கொள்ளும். அதற்குப் பொருந்துவது மட்டும் போகும். துணிமணிக்கும், பல்லை அடைத்த சிமெண்டுக்கும் தனி அனுமதி உண்டு. மற்றபடி தூசி, மகரந்தம், தோலில் வாழும் பூச்சிகள், கிருமிகள் எல்லாம் கண்ணாடி அறையின் அடியில் இருக்கும் தட்டில் சாம்பல் நிறப் பொடியாக விழும். அதுதான் மிச்சம். அதில் கொஞ்சம் எடுத்து ஏதாவது தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை உலையில் போட்டு எரிப்பது எங்கள் வேலை. ஆரம்ப காலத்தில் ஒரு பயணியோடு ஒரு காய்ச்சலும் கடந்து போய் ஒரு நகரத்தையே படுக்கவைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. ஒரு பயணி, ஒரு உடல். அவருடையது அல்லாத எதுவும் அவரோடு போகக் கூடாது.

அந்தச் சட்டத்தின் கோளாறுகளை ஒவ்வொன்றாகத்தான் கண்டுபிடித்தார்கள். முதலில் வயிறு. வயிற்றுக்குள் வாழும் கோடிக்கணக்கான நல்ல கிருமிகளும் தட்டிலேயே தங்கிவிட, அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள். அதனால் இறங்கும் அறையில் ஒரு குவளை புளித்த பால் கொடுக்கும் வழக்கம் வந்தது. அடுத்து, தம்பியின் சிறுநீரகத்தை வாங்கிப் பொருத்திக்கொண்ட ஒருவர் அது இல்லாமலே போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றி எங்கள் அறையில் யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கண்ணாடி அறைக்குள் ஏறும் ஒவ்வொருவரையும் வாசலில் நிற்கும் பெண் கேட்பாள்: "உங்க உடம்புல வேற யாரோடதாவது ஏதாவது இருக்கா?" சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கர்ப்பிணிகள், உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் இருக்கிறது என்பார்கள். அவர்களைக் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் இல்லை என்பார்கள். நாள் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கேள்வியும் அந்த இல்லையும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், குழாய் சொட்டுகிற மாதிரி.

எங்கள் அறையில் மூன்று பேர். நான், எனக்கு இளையவளான குண்டூசி, எங்களுக்கு மேலே தராசு. குண்டூசி என்பது அவள் உடம்புக்கு வைத்த பெயர், வாய்க்கும் பொருந்தும். "ஒருத்தர் லட்சணம் தெரியணும்னா மூஞ்சியைப் பார்க்காதீங்கக்கா, தட்டைப் பாருங்க" என்பாள். தராசு எதையும் எடைபோட்டுத்தான் நம்புவார். நல்ல மனிதர்.

அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"சார், இந்தப் பொம்பளையோட தட்டுல ஒரு பையனோட செல் இருக்கு."

"முந்தின பயணியோடதா இருக்கும். தட்டைச் சரியா கழுவியிருக்க மாட்டாங்க."

"நான்தான் கழுவினேன்."

"அப்ப நீங்கதான் சரியா கழுவல."

"சார் சொன்னா சரிதான்" என்றாள் குண்டூசி, உருப்பெருக்கியிலிருந்து தலையை எடுக்காமல். "அக்கா கழுவின டம்ளர்ல டீ குடிச்சே எனக்கு மீசை வந்துடுச்சு."

மறுபடி கழுவினேன். கொதிநீரில் போட்டேன். மறுபடியும் வந்தது. எல்லாப் பெண்களுக்கும் இல்லை, பலருக்கு. ஆண் பயணிகளின் தட்டில் அதே அளவுக்குக் கொஞ்சமாக ஒரு பெண் இருந்தாள். ஒவ்வொரு ஆணுக்கும் வேறு வேறு பெண். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் மறுபடி தராசிடம் போனேன்.

"வயித்துல இருக்கும்போது குழந்தையோட செல் கொஞ்சம் அம்மா உடம்புக்குள்ள போயிடும்" என்றார் அவர். "அம்மாவோடதும் குழந்தைக்குள்ள வரும். பெத்த பிறகும் அது அங்கேயே இருந்துக்கிட்டே இருக்கும், வருஷக்கணக்கா. டாக்டருங்களுக்கெல்லாம் தெரிஞ்ச பழைய சேதிதான்."

"நிலையத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணணும்? நகம் வெட்டினா இதைவிட நூறு மடங்கு அதிகமா போகுது. நகத்துக்கு உட்கார்ந்து அழறோமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எடையில் அது ஒன்றுமே இல்லை.

அன்று மதியம் குண்டூசி சாப்பிடப் போனபோது என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். ஆண் செல்லை மட்டும் பச்சையாகக் காட்டுகிற சாயத்தைப் போட்டு, உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. கண்ணாடியை ஒரு மயிரிழை நகர்த்தினேன். ஒரு பச்சைப் புள்ளி.

எனக்கு ஒரு மகன் இருந்தான். சுண்டு என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதுகூட ஆகவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனுடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தேன். முகர்ந்து முகர்ந்து கடைசியில் அதில் என் வாசனைதான் மிஞ்சியது.

அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தது. இத்தனை வருடமும் சும்மா இருந்திருக்கிறது. கடைக்குப் போனபோது, தூங்கினபோது, அவன் நினைவு வரக் கூடாது என்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டபோது, எல்லாம் கூடவே.

அதன் பிறகு என் நடை மாறியது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வேளைக்குச் சாப்பிட்டேன். என் கணவர் ஒருநாள் என்னைப் பார்த்து, "என்ன, கொஞ்ச நாளா ஆளே ஒரு மாதிரி தெளிவா இருக்கே" என்றார். நான் சிரித்தேன். சொல்லவில்லை. கர்ப்பத்தை முதலில் கொஞ்ச நாள் சொல்லாமல் வைத்துக்கொள்வோமே, அதே கள்ளத்தனம்.

அந்த நாட்களில்தான் இறங்கும் கூடத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. புளித்த பால் குவளைகளின் சோதனைக்காக நான் அங்கே போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் போகிறவர்களின் வரிசை, அந்தப் பக்கம் வந்து இறங்கியவர்களின் கூட்டம். நடுவில், அம்மாவை அழைத்துப்போக வந்திருந்த ஒரு சின்னப் பையன் தனியாக நின்று, "அம்மா" என்று கத்தினான்.

யாருடைய குழந்தை கத்தினாலும் திரும்பிப் பார்ப்போம். தெருவிலே கவனித்துப் பாருங்கள், பெண்களின் தலையெல்லாம் திரும்பும். அன்று போகிறவர்களின் வரிசையில் அத்தனை பெண்களும் திரும்பினார்கள். வயதானவர்கள்கூட. வந்து இறங்கியவர்களின் கூட்டத்தில் ஒரு தலையும் திரும்பவில்லை. அவர்கள் பாலைக் குடித்துக்கொண்டு, பையைத் தேடிக்கொண்டு, மணி பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பையன் ஓடிப்போய் அவர்களில் ஒருத்தியின் புடவையைப் பிடித்து இழுத்தான். அவள் குனிந்து பார்த்து, "என்னடா?" என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டாள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

பயணக் களைப்பாக இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் காலைதான் என் கணவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார்.

அண்ணனின் போன் வந்தபோது நான் உலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா அவனோடு இருந்தாள், கடலுக்கு அந்தப் பக்கம். போன தடவை நான் கப்பலில் போய் வந்தேன். போக வரவே விடுமுறை தீர்ந்துவிட்டது.

"பாப்பா, அம்மாவுக்கு முடியல. டாக்டர் நாளைக்குத் தாண்டாதுங்கறார். உடனே வா."

"கப்பல் எப்பன்னு..."

"கப்பலா? உனக்கு என்ன பைத்தியமா? அங்கேயே வேலை பார்க்கறே. கண்ணாடி ரூமுக்குள்ள ஏறி நிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா உன்னைத்தான் கேட்டுட்டே இருக்கா. கண்ணு வாசலை விட்டு நகரல."

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, சாயம், பச்சைப் புள்ளி, திரும்பாத தலைகள். அவர் நடுவில் பேசாமல் கேட்டார். எப்போதும் அப்படித்தான், பொறுமையான மனிதர்.

"நான் எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கேன்" என்றார் கடைசியில். "எனக்கு என்ன ஆச்சு? கை இல்லையா, கால் இல்லையா?"

"உங்கம்மாவை நினைச்சா உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நல்ல மனுஷி" என்றார். "ரொம்பக் கஷ்டப்பட்டவங்க. எங்களை நல்லா வளர்த்தாங்க."

எதிர்வீட்டு அம்மாளைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"இங்க பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை இதமாகத்தான் இருந்தது. "சுண்டு போயிட்டான். புள்ளியோ பொட்டோ, அது அவன் இல்ல. உங்கம்மா இன்னும் மூச்சு விட்டுட்டு இருக்காங்க. இருக்கிறவங்களைப் போய்ப் பாரு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. என்னைச் சுற்றி எல்லோரும் சரியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கப்பலில் போனால் அம்மா இருக்க மாட்டாள். கண்ணாடி அறையில் போனால் சுண்டு இருக்க மாட்டான். தராசு சொன்ன கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். எனக்குள் சுண்டு இருந்தால், எனக்குள் அம்மாவும் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போக, அவளையும் இங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவையும் போட்ட பிறகும், ஒரு கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதில் எடை போட ஒன்றும் இல்லை. கிளம்பினேன்.

முதலில் மிச்ச அறைக்குப் போய்க் குண்டூசியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என் தட்டை எரிக்காத."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாயம் போட்ட கண்ணாடிகளை நான் ஒளித்து வைத்த இடம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "குளிர்பெட்டியில வைக்கறேன்" என்றாள். "அப்புறம்?"

"குடுவையில போட்டு மூடி, கப்பல்ல எங்க அண்ணன் விலாசத்துக்கு அனுப்பு." நிலையம் ஏற்காத உயிருள்ள சரக்கெல்லாம் கப்பலில்தான் போகும். விதை, உறைமோர், ஈஸ்ட். "நானே போன் பண்ணி எரிச்சுடுன்னு சொன்னாலும் எரிக்காத."

"நீங்களே சொன்னாலுமா?"

"நான் சொன்னா கண்டிப்பா எரிக்காத. தூசின்னு சொல்லுவேன். மனசு சரியில்லாம ஏதோ உளறினேன்னு சொல்லுவேன். கேட்காத."

"தராசுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்க்கா."

"தெரியும்."

அவள் அலமாரியிலிருந்து ஒரு காலிக் குடுவையை எடுத்தாள். பிறகு, "உங்க தட்டுல என்னென்ன இருக்கோன்னு ரொம்ப நாளா ஆசை" என்றாள். "பாதி என்னைத் திட்டின திட்டாத்தான் இருக்கும்." சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

கண்ணாடி அறையின் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு என்னைத் தெரியும். என் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டாள். "அக்கா, உங்ககிட்டயும் கேட்டே ஆகணும், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டாள். "உங்க உடம்புல வேற யாரோடதாவது ஏதாவது இருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ வருடம் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு ஒரு வாய் வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்கிறது என்றால் கதவு திறக்காது. அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள்.

"இல்லை" என்றேன்.

சொல்லும்போது என் கை தானாக வயிற்றின் மேல் போய் நின்றது, குழந்தையின் காதைப் பொத்துகிற மாதிரி. அவனுக்குக் கேட்டிருக்கும்.

வெளிச்சம் வந்தது.

பால் புளிப்பாக இருந்தது. முழுவதும் குடித்தேன். "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே உடம்பு லேசாக இருந்தது, வெகுநாள் கழித்து முடி வெட்டிக்கொண்ட மாதிரி. வெளியே மழை பெய்து விட்டிருந்தது. அண்ணன் குடையோடு நின்றிருந்தான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவனுடைய சட்டைக் காலர் கிழிந்திருந்தது. தைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியில் ஏறுமுன் ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். சுண்டுவின் கடைசி நாள். ஈரத்துணி, கொதித்த நெற்றி, அவன் கேட்ட தண்ணீர், பாதி குடித்து வைத்த டம்ளர். எல்லாம் இருந்தன. ஒன்றும் விட்டுப்போகவில்லை. துடைத்து அடுக்கிய அலமாரி மாதிரி ஒழுங்காக இருந்தன. எந்தக் கதவைத் திறந்தாலும் எதுவும் என் மேல் சரிந்து விழவில்லை.

வண்டிக் கதவை மூடும்போது என் விரல் நசுங்கியது.

"ஐயோ அம்மா!" என்று கத்தினான் அண்ணன். "விரல் போச்சா? காட்டு, காட்டு!"

நகம் கறுத்துக்கொண்டு வந்தது. வலித்தது, நிறையவே. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எந்தச் சொல்லும் வரவில்லை.

அம்மாவுக்கு எப்போதுமே என் காலடிச் சத்தம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு என்ன, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். முகத்தைப் பார்க்காமலே.

அந்த அறைக்குள் நான் நுழைந்தபோது அவள் விழித்துத்தான் இருந்தாள். கண் தெளிவாக இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டு, "வாங்க, உட்காருங்க" என்றாள்.

"அம்மா, யாரு வந்திருக்கான்னு பாரு. பாப்பா வந்திருக்கா" என்றான் அண்ணன்.

"பாப்பாவா?" அம்மா எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். "அவ இன்னும் வரலையேடா."

நான் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மெல்ல முகர்ந்தாள். பிறகு கையைப் பத்திரமாக என்னிடமே திருப்பி வைத்தாள், தவறுதலாக எடுத்துவிட்ட அடுத்தவர் பொருளை வைப்பதைப் போல.

"நல்ல பொண்ணா இருக்கு" என்றாள் அண்ணனிடம். "யாரு பெத்த பிள்ளையோ. ஏதாவது சாப்பிடக் குடு."

அண்ணன் என்னை வெளியே அழைத்துப் போய், "மருந்து மயக்கம், மனசுல வெச்சுக்காத பாப்பா" என்று மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன். எனக்கு வருத்தமாக இல்லை. வருத்தப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தைத் தெரிந்து சுற்றிப் போகிற மாதிரி, அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

மறுநாள் குண்டூசி பேசினாள்.

"அக்கா, நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களா? அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"தட்டு குளிர்பெட்டியில இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"எரிச்சுடு" என்றேன்.

அந்தப் பக்கம் உலையின் உறுமல் மட்டும் கேட்டது.

"உனக்கு எதுக்கு வீண் வம்பு" என்றேன். நிஜமான அக்கறையோடுதான் சொன்னேன். "அதுல ஒண்ணுமில்ல. தூசி. அன்னிக்கு மனசு சரியில்ல, ஏதோ உளறிட்டேன்."

"இதையெல்லாம் சொல்லுவீங்கன்னு நீங்களே சொன்னீங்க" என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆனா இவ்வளவு நல்ல குரல்ல சொல்லுவீங்கன்னு சொல்லலையேக்கா."

"ஏன் அழறே?"

"குடுவை கப்பல் ஏறியாச்சு. உறைமோர்ப் பெட்டியோட வெச்சு அனுப்பிட்டேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான் கேட்டேன்." பிறகு, "அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? நான் இப்ப யார்கிட்ட பேசிட்டு இருக்கேன்?"

"இது என்ன கேள்வி" என்று சிரித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அம்மா அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, புருவத்தை உயர்த்திவிட்டுப் போனார். "எதையோ பிடிச்சு வெச்சுட்டு இருக்காங்க" என்றார் வாசலில். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அம்மாவின் விரிப்பை மாற்றினேன், தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும், "உங்களுக்குச் சிரமம்" என்றாள்.

ஒருநாள் காலை, வெயில் கட்டிலின் கால்மாடு வரை வந்திருந்தது. அம்மா வாசலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எம் பொண்ணு கிளம்பிட்டாளான்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பொய் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"கிளம்பிட்டா" என்றேன். "கப்பல்ல வர்றா."

"கப்பல்லயா?" அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. "அவளுக்குக் கப்பல் ஒத்துக்காதே. தலை சுத்தும். தனியாவா வர்றா?"

"இல்ல. பையனும் கூட வர்றான்."

அம்மா முதன்முறையாக வாசலிலிருந்து கண்ணை எடுத்தாள். முகம் முழுக்க ஏதோ ஏறியது. அப்படி ஒன்று என் முகத்திலும் முன்பு ஏறியிருக்கிறது என்று எனக்கு நினைவிருக்கிறது.

"சுண்டுவா?"

"ஆமா."

"அப்ப மெதுவா வரட்டும்" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. நான் இருக்கேன்."

தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். உயர்த்தி வைத்தேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். திறந்திருந்த கதவின் வழியே தெரு தெரிந்தது. அவர்கள் வருவதைப் பார்ப்பதற்காக, நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.